ஒரே பிஎம்ஐ, இரண்டு மடங்கு கொழுப்பு! ஒல்லியாக இருப்பவருக்கும் தொப்பை ஏன்?

(திரையில்: இரண்டு டாக்டர்கள், அருகருகே)

இந்த இருவரையும் நன்றாகப் பாருங்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 22.3. ஆனால் ஒருவர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், மற்றவர் உடம்பில் 21.2 சதவீதம். யாருக்கு அதிகம்? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சரி, சொல்லிவிடுகிறேன். அதிகம் இருப்பது நம் ஊர்க்காரருக்கு: புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக். குறைவாக இருப்பவர் லண்டன் பேராசிரியர் யட்கின். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இருவரும் தங்கள் உடம்பையே சாட்சியாக வைத்தார்கள். மருத்துவ உலகில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கும் 65 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் ஏறக்குறைய 6 கிலோ கொழுப்பு, இன்னொருவரிடம் 14 கிலோ. எடை மெஷினில் ஏறி நின்றால் இருவருக்கும் ஒரே நம்பர்தான் காட்டும்!

இது எப்போது ஆரம்பிக்கிறது தெரியுமா? பிறக்கும்போதே. யாஜ்னிக் குழுவினர் புனேவில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகளும் சிறியவை. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கை கால் குச்சி மாதிரி இருக்க, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் உடம்பை நம் தெருவிலேயே எத்தனை பார்க்கிறோம்! "நீ ஒல்லிதானே, உனக்கென்ன சுகர் வரப்போகிறது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கு வழி திறக்கிறது.

இப்போது சிக்ஸ் பேக்குக்கு வருவோம். வயிற்றின் முன்பக்கத்தில் இருக்கும் அந்தத் தசை எல்லோருக்கும் இருக்கிறது. அதன் குறுக்கே ஓடும் நார்ப்பட்டைகள்தான் அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. நான்கு கட்டமா, ஆறா, எட்டா என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அது வெளியே தெரிய, ஆண்களுக்கு உடம்புக் கொழுப்பு சுமார் 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். பெண்களுக்கு 20-க்குக் கீழே வந்தாலே கோடு தெரிய ஆரம்பிக்கும். அதற்கு மேலும் விரட்டிக் குறைத்தால் மாதவிடாய் தடுமாறலாம். தங்கைகளே, அந்த இடத்தில் நின்றுவிடுங்கள்.

மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் கிரஞ்சஸ் போட்டால் தொப்பை கரையாதா? 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏழு வகை வயிற்றுப் பயிற்சிகளை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் செய்ய வைத்தார்கள். வயிற்றுத் தசையின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது. கொழுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. வியர்வை பெல்ட்டும் வீண் செலவு. அதில் போவது தண்ணீர்.

ஆக, நம் உடம்புக்கு இரண்டு வேலை: கொழுப்பைக் குறைக்கணும், கூடவே தசையை ஏற்றணும். பட்டினி கிடந்தால் முதல் வேலை பாதி நடக்கும், இருக்கிற தசையும் போகும். மிஞ்சுவது இன்னும் ஒல்லியான கை, அதே தொப்பை. அதனால் தண்டால், பஸ்கி, ஏதாவது எடை தூக்குவது என்று வாரம் மூன்று நாளாவது செய்யுங்கள். பிளாங்க், லெக் ரெய்ஸ் மாதிரி வயிற்றுப் பயிற்சி எல்லாம் அதற்கு அப்புறம். தினமும் வேகமாக நடங்கள். எடை அசையாவிட்டாலும் உள்வயிற்றுக் கொழுப்பு குறையும்.

சாப்பாட்டில் கை வைக்க வேண்டிய இடம் புரதம். தசை ஏற்ற நினைப்பவருக்கு, உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன்படும். 65 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 104 கிராம். காலையில் சாப்பிடும் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னியில் 10 கிராம்கூடத் தேறாது. இரண்டு முட்டை சேர்த்தால் இன்னொரு 12 கிராம். மதியம் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, மீனோ கோழியோ சுண்டலோ கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றவே கூடாது.

கடைசியாக ஒரு வேலை. தையல் டேப் ஒன்றை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சைச் சாதாரணமாக விட்டு முடித்ததும் அளவு பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.; அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். "என் பேன்ட் சைஸ் 34தான்" என்று மட்டும் எழுதாதீர்கள். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதானே போடுகிறோம்! டேப் காட்டிய அளவைக் கமெண்டில் போடுங்கள். வீட்டில் அப்பாவுக்கும் அளந்து பாருங்கள்.