பின்வீட்டுக்குப் போக 1,200 மீட்டரா?

(திரையில்: முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடுகள், நடுவே ஒரு சுவர்)

இந்த இரண்டு வீடுகளையும் பாருங்கள். வாசலுக்கு வாசல் நேராக அளந்தால் 30 மீட்டர். இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள். ஆனால் தெரு வழியாகப் போனால் 1,200 மீட்டர், கால் மணி நேர நடை!

கணக்குக்காக நானே வரைந்த படம் இது. ஆனால் ஊர் ஓரத்துப் புது மனைப் பிரிவுகளின் வரைபடத்தைத் திறந்தால் இதே வடிவம் கண்ணில் படும்.

நடக்கும் தூரத்தை நேர் தூரத்தால் வகுங்கள். இங்கே 40 மடங்கு. கட்டம் கட்டமாகத் தெரு போட்ட ஊரில்? கிழக்கே 300 மீட்டர், வடக்கே 400 மீட்டர் போக வேண்டும் என்று வையுங்கள். நடப்பது 700, நேர் தூரம் 500. வெறும் 1.4 மடங்கு. சீரான கட்டத்தில் சந்திக்குச் சந்தி எப்படி அளந்தாலும் 1.42-ஐத் தொடாது. எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பிடிக்கும்!

இன்னொரு அழகு. நாற்சந்தி, முச்சந்தி என்று நாம் எண்ணைப் பெயரிலேயே வைத்திருக்கிறோம் அல்லவா? தெருக்களை ஆராய்கிறவர்களும் அதைத்தான் எண்ணுகிறார்கள். நாற்சந்திக்கு 4, முச்சந்திக்கு 3, முட்டுச்சந்துக்கு 1. சராசரி இறங்க இறங்க, சுற்றுவழி கூடுகிறது என்று அர்த்தம்.

சரி, ஏன் இறங்குகிறது? பழைய ஊர் நடந்து போகிறவர்களுக்காக உருவானது. அப்புறம் ஓரத்தில் ஒவ்வொரு வயலாக விலைபோகும். வாங்கியவர் தன் நிலத்துக்குள் தெரு போட்டு, மெயின் ரோட்டுக்கு ஒரே ஒரு வாசல் வைத்து, சுற்றிச் சுவர் எழுப்புவார். பக்கத்து நிலக்காரரும் அப்படியே. பால் வாங்கப் போனாலும் எல்லோரும் அந்த ஒரே மெயின் ரோட்டுக்குத்தான் வந்தாக வேண்டும்.

பிறகு சரிசெய்து கொள்ளலாம் என்பவர்களுக்கு லண்டனைக் காட்டுவேன். 1666 தீயில் 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அகலமான நேர்த்தெருக்களோடு புதுத் திட்டம் வரைந்து கொடுத்தார். நடக்கவில்லை. அவரவர் மனை அவரவருக்கு. சில தெருக்களை அகலப்படுத்தியதைத் தவிர, பெரும்பாலும் பழைய தடத்திலேயே ஊர் மறுபடி எழுந்தது. வீடு சாம்பலானாலும் தெரு சாகவில்லை! அதனால்தான் முதல் நாள் போடும் கோட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

அமெரிக்காவில் புதுத் தெருக்கள் ஒன்றோடொன்று இணையாமல் துண்டுபடுவது 1994 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு குறையத் தொடங்கியது. ஆக, திரும்பவும் முடியும்.

ஏற்கெனவே சுவர் எழுந்த இடத்தில்? வீட்டை இடிக்க வேண்டாம். இரண்டு மனைகளுக்கு நடுவே 2 மீட்டர் அகலத்தில் ஒரு நடைபாதை திறந்தால் போதும். நம் படத்தில் அந்தச் சுவரைத் திறக்கிறேன், பாருங்கள்... 1,200 மீட்டர் 60 ஆகிவிட்டது!

இப்போது உங்கள் போனில் வரைபடத்தைத் திறந்து பின்வீட்டுக்கு வழி கேளுங்கள். எத்தனை மடங்கு வருகிறது? அந்த எண்ணைக் கமெண்டில் போடுங்கள். 40-ஐத் தாண்டினால் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும்.