ஹால்ல ஆறடி கடல்நீர்த் தொட்டி: கண்ணாடி வாங்குறதுக்கு முன்னாடி பின்னாடி ரூமைக் கட்டுங்க

வணக்கம் மக்களே. கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் புதுசா வீடு கட்டுறவங்க ஹால்ல பெரிய கடல் மீன் தொட்டி வேணும்னு ஆசைப்படுறாங்க. நல்ல ஆசைதான். ஆனா பெரும்பாலும் டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, சோபா வந்து இறங்கின பிறகுதான் தொட்டி ஞாபகம் வருது. இந்த அளவு தொட்டி கட்டடத்தோட ஒரு பாகம். பிளான் போடுற அன்னைக்கே அதுக்கு இடம் குறிச்சிடணும்.

இப்ப நான் நிக்கிறது ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுச் சுவர்ல பதிச்ச தொட்டிக்கு முன்னாடி. ஆறடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். விளிம்பு வரைக்கும் கணக்குப் போட்டா 680 லிட்டர். கடல்நீர்னால தண்ணியே 700 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், அடியில இருக்கிற திண்டு எல்லாம் சேர்த்தா 1,200 கிலோவுக்குக் குறையாது. தொட்டி உக்காந்திருக்கிற இடம் ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். வீட்டு மாடித் தளத்துக்கு இன்ஜினியர் பொதுவா கணக்குல எடுக்கிற பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. அஞ்சு மடங்கு வித்தியாசம். மாடியில வைக்கணும்னா பீம் மேல வர்ற மாதிரி, தூணை ஒட்டி வைக்கணும். அதையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட எழுதி வாங்காம செய்யாதீங்க. என்னைக் கேட்டா கீழ்த்தளத்தோட நிறுத்திக்கங்க.

கீழ்த்தளம்னாலும் அப்படியே தூக்கி வைக்கிற வேலை இல்ல. நம்ம ஊரு அஸ்திவாரத்துக்குள்ள மணலைக் கொட்டி நிரப்பி, மேல மூணு இஞ்ச் காங்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டியிருப்பாங்க. மணல் சரியா தண்ணி விட்டு இறுகலன்னா ரெண்டு மழைக்குப் பிறகு ஒரு ஓரம் மூணு, நாலு மில்லிமீட்டர் இறங்கும். நாற்காலி போட்டா தெரியாது. கண்ணாடித் தொட்டிக்கு அது போதும்: அடிக்கண்ணாடி முறுக்கி, மூலையில சிலிக்கான் பிரிய ஆரம்பிக்கும். அதனால தொட்டி வர்ற இடத்துல மட்டும் மணலை நல்லா இடிச்சு, அஞ்சு இஞ்ச் கனத்துல கம்பி கட்டின காங்கிரீட் தளம் தனியா போடச் சொல்லுங்க. 8 மில்லிமீட்டர் கம்பி, ஆறு இஞ்ச் இடைவெளியில ரெண்டு பக்கமும். கடல் மணலைக் கலவையில சேர்க்க விடவே விடாதீங்க. அதுல இருக்கிற உப்பு உள்ள இருந்தே கம்பியைத் தின்னுடும்.

ஸ்டாண்டுக்கு வெல்டிங் பட்டறையில இரும்பு பைப் அடிக்கச் சொல்லாதீங்க. உப்புக்காத்து வெளிய இருந்து, தொட்டியில சிந்துற உப்புத் தண்ணி மேல இருந்து, ரெண்டும் சேர்ந்து அரிச்சிடும். 304 எவர்சில்வரும் இந்தக் கடற்கரையில புள்ளி புள்ளியா துருப்பிடிக்குது. எவர்சில்வர்தான்னா 316. என் முதல் சாய்ஸ் எப்பவும் கொத்தனார் கட்டுற திண்டுதான். ரெண்டடிக்கு ஒரு குட்டிச் சுவர், மேல நாலு இஞ்ச் கம்பி போட்ட சிலாப். வெறும் கடப்பாக்கல்லை நாலடி இடைவெளிக்குப் பரப்பி மேல தொட்டி வைக்கிறாங்க, அது நடுவுல விரிசல் விடும். சிலாப் மேல ரசமட்டம் வச்சுப் பாருங்க, ஆறடிக்கு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் கூடாது. அதுக்கு மேல 10 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட், பிறகு தொட்டி. திண்டு உயரம் ரெண்டே கால்ல இருந்து ரெண்டரை அடி. சோபாவுல உக்காந்து பாக்கிறவங்களுக்குத் தொட்டியோட நடுப்பகுதி கண்ணுக்கு நேரா வரும்.

கண்ணாடி: ரெண்டடி உயரத்துக்கு 12 மில்லிமீட்டர் போட்டு, மேல சுத்தி பட்டைக் கண்ணாடி ஒட்டுறது குறைந்தபட்சம். நான் 15 போடச் சொல்லுவேன். ரெண்டரை அடி உயரம்னா 19. கனம் கூடக் கூட சாதாக் கண்ணாடியில பச்சை தட்டும், அதனால பாக்கிற பக்கம் மட்டும் அல்ட்ரா கிளியர் போடுங்க. ஒட்டுற சிலிக்கான்ல பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கக் கூடாது. பாத்ரூமுக்கு விக்கிறது பெரும்பாலும் மருந்து கலந்ததுதான், மீனுக்கு விஷம். ஒட்டின பிறகு ஒரு வாரம் காயட்டும். பிறகு வெளிய வச்சு நிரப்பி, ரெண்டு நாள் ஒழுகுதான்னு பாத்துட்டு உள்ள கொண்டு வாங்க.

இப்ப பின்பக்கம் வாங்க. எனக்கு முன்பக்கக் கண்ணாடியை விட, தொட்டியைப் பராமரிக்கிற இந்தப் பின்னாடி ரூம்தான் முக்கியம்.

நாலடிக்கு ஆறடி இருந்தாலே போதும். தொட்டிக்கு மேல கை விட்டு வேலை செய்ய ஒன்றரை அடி காலியா விட்டிருக்கு பாருங்க. அழகு கெடும்னு இதை மூடிட்டா பாறையை நகர்த்தவும் முடியாது, செத்த மீனை எடுக்கவும் முடியாது. தரை ஹாலை விட ஒரு இஞ்ச் தாழ்வு, மூலையில ஜாலி போட்ட தண்ணிப் போக்கு. ஒழுகினா ஹாலுக்கு வராது. சுவருக்கு டைல்ஸ், இல்லன்னா எப்பாக்சி பெயிண்ட். பட்டி பாத்த சுவர் ஆறு மாசத்துல உப்பு பூத்துப் பொரிஞ்சிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்னு கண்டிப்பா வேணும். இந்தத் தொட்டியில இருந்து ஒரு நாளைக்கு அஞ்சுல இருந்து பத்து லிட்டர் ஆவியாப் போகும். அவ்வளவு ஈரமும் ஹால்லயே தங்கினா ஜிப்சம் சீலிங்ல பூஞ்சை, எம்டிஎஃப் அலமாரி ஊதிக்கும், டிவி போர்டு அரிக்கும்.

கீழ சம்ப் தொட்டி. மூன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மேல இருந்து வழியிற தண்ணி இங்க வந்து, வடிகட்டி, ஸ்கிம்மர்ல காத்துக் குமிழ் விட்டு அழுக்கை நுரையாக் கழிச்சு, மோட்டார் வழியா திரும்ப மேல போகுது. இறங்குற குழாய் ஒன்றரை இஞ்ச், அதுவும் ஒன்னு போதாது, அடைச்சா தாங்குறதுக்கு இன்னொன்னு. ஏறுற குழாய் ஒரு இஞ்ச். எல்லாம் யுபிவிசி. பிளம்பர் பழக்கத்துல பித்தளை வால்வோ நிப்பிளோ போட்டுடுவார், கூடவே நின்னு பாருங்க. பித்தளையில செம்பு இருக்கு. உப்புத்தண்ணி அதைக் கரைச்சு எடுத்துடும். இறாலும் நட்சத்திர மீனும் முதல்ல சாகும்.

இப்ப ஒன்னு செஞ்சு காட்டுறேன். மோட்டார் சுவிட்சை அணைக்கிறேன். சம்ப்ல ஒட்டின அந்த மஞ்சள் டேப்பைப் பாருங்க, அதுதான் ஓடும்போது இருக்கிற மட்டம். கரண்ட் போனதும் மேல தொட்டியில ஏறுற குழாயோட வாய் வரைக்கும் இருக்கிற தண்ணி பின்னோக்கி இறங்கும். இந்த ஆறடித் தொட்டியில ஒரு இஞ்ச் இறங்கினாலே 28 லிட்டர். வழியிற தண்ணியைப் பிடிக்கிற வழிவுப் பெட்டியில இருக்கிறது, குழாய்ல நிக்கிறது எல்லாம் சேர்த்து 40. பாருங்க, ஏறிக்கிட்டே வருது... நின்னுடுச்சு. டேப்புக்கு மேல மூணு இஞ்சுக்குக் கொஞ்சம் கூட. விளிம்புக்கு இன்னும் இடம் இருக்கு. குழாய் வாய் தண்ணி மட்டத்துக்கு ஒரு இஞ்ச் கீழ இருக்கிறதாலதான் இதோட நின்னுச்சு. அழகுக்காக ஆறு இஞ்ச் ஆழத்துல வச்சிருந்தா 170 லிட்டர் இறங்கி ரூம் முழுக்க வெள்ளம். ரிட்டர்ன் வராம தடுக்கிற வால்வு போட்டிருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க, உப்பு படிஞ்சு அது திறந்தபடியே நின்னுக்கும். தொட்டி ஓட ஆரம்பிக்கிற முதல் நாளே இதைச் செஞ்சு பாத்து டேப் ஒட்டிடுங்க.

கரண்டு விஷயத்துக்கு வர்றேன். பிளக் எல்லாம் தொட்டிக்குப் பக்கவாட்டுச் சுவர்ல, மார்பு உயரத்துல. ஒயர் கீழ தொங்கி வளைஞ்சு பிறகு பிளக்குக்கு ஏறணும், அப்பதான் ஒயர் வழியா வர்ற சொட்டு பிளக்குக்குள்ள போகாது. கரண்ட் கசிஞ்சா உடனே அணைஞ்சிடுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனியா போடுங்க, எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீசியனை அளந்து காட்டச் சொல்லுங்க. இன்வெர்ட்டர்ல மோட்டாரும் அலை பம்பும் மட்டும். ரெண்டும் சேர்ந்து 150 வாட் எடுத்தா 150 ஏஎச் பேட்டரி ஏழெட்டு மணி நேரம் தாங்கும். கரண்ட் போனா வெப்பத்துக்கு முன்னாடி மீனைக் கொல்றது மூச்சுத் திணறல்தான். சூடான உப்புத்தண்ணியில ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு.

தண்ணி 25ல இருந்து 27 டிகிரி இருக்கணும். நம்ம ஊர் வெயில்ல வெறும் ஃபேன் வச்சு ஆத்துறது உள்நாட்டுல ஓரளவு எடுபடும், கடற்கரையில காத்தே ஈரமா இருக்கிறதால சரியா ஆறாது. தண்ணியைக் குளிர வைக்கிற அரை ஹெச்பி சில்லர் மெஷின் வேணும், உள்ள சுருள் டைட்டானியமா இருக்கணும். அதை அலமாரிக்குள்ள பூட்டினா தன் சூட்டையே தான் இழுத்துக்கிட்டு ஓயாம ஓடும். வெளிச்சுவர்ல நிழலா, மழை படாம, காத்து வெளியேறுற மாதிரி வைங்க. உப்புக்காத்து நேரா அடிக்கிற கடல் பக்கம் வேண்டாம், கண்டென்சர் தகடு பொடிஞ்சிடும். மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியில தகட்டைக் கழுவுங்க.

கடல்தான் பக்கத்துல இருக்கே, தண்ணியை மொண்டு ஊத்தலாமான்னு கேப்பீங்க. ஊத்தலாம், எந்தத் தண்ணின்னு பாத்துட்டு. வாடைக்காத்து அடிக்கிற மாசங்கள்ல வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கிக் கிடக்கும், தென்மேற்குல இருந்து அடிக்கிற கச்சான் காத்துல தென்கடல் (மன்னார் வளைகுடா பக்கம்). துறைமுகம், முகத்துவாரம், இறால் பண்ணைக் கழிவு விழுற இடம், மூணும் ஆகாது. தெளிஞ்ச நாள்ல படகுல கொஞ்சம் உள்ள போய், உணவுக்குப் பயன்படுத்துற கேன்ல எடுக்கணும். தண்ணி பச்சையா, கொழகொழன்னு இருந்தா அது பூங்கோரை, பாசி மாதிரி நுண்ணுயிர் பெருகினது, அந்தப் பக்கமே போகாதீங்க. 2019 செப்டம்பர், அக்டோபர்ல மன்னார் வளைகுடாவுல அது பூத்தப்ப மீன்கள் செத்து ஒதுங்கின.

எடுத்த தண்ணியை 5 மைக்ரான் வடிகட்டியில விட்டு, 1,000 லிட்டருக்கு கிருமியைக் கொல்ற குளோரின் திரவம், அதாவது 10 சதவீத ஹைப்போகுளோரைட் 100 மில்லி கலந்து, 24 மணி நேரம் காத்து குமிழ் விடுங்க. பிறகு குளோரின் கிட்ல சோதிச்சு, மிச்சம் இருந்தா குளோரினை முறிக்கிற சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. 1,000 லிட்டருக்கு 70 கிராமுக்கு மேல தேவைப்படாது. கிட் சுத்தமா பூஜ்யம் காட்டின பிறகுதான் தொட்டிக்கு. அடர்த்தி 1.025ல இருந்து 1.026. மழைக்காலத் தண்ணி இதுக்குக் கீழ இருக்கும். அப்ப தொட்டிக்குன்னு விக்கிற கடல் உப்பைச் சேருங்க. வாலிநோக்கம் உப்பள உப்பு சாப்பாட்டுக்கு அருமையான உப்பு, ஆனா கடல்நீர்ல இருக்கிற மெக்னீசியமும் கால்சியமும் அதுல தேவையான அளவு கிடையாது.

ஆவியான அளவுக்கு உப்புத்தண்ணி ஊத்தக் கூடாது, நல்ல தண்ணிதான். உப்பு ஆவியாகாது, அதனால அடர்த்தி ஏறிக்கிட்டே போகும். நம்ம போர் தண்ணி வேலைக்கு ஆகாது. காவிரிக் குழாய்த் தண்ணியை ஆர்ஓவுல விட்டு, பிறகு மிச்ச உப்பையும் பிடிக்கிற டிஐ ரெசின்ல விட்டு, டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு) பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. ஆட்டோ டாப் அப் மிதவை போட்டா தினமும் நீங்க பாக்க வேண்டியதில்ல.

இதை அழுத்திச் சொல்லணும். கடல்ல இருந்து தண்ணியைத் தவிர வேற எதையும் எடுக்காதீங்க. தூத்துக்குடில இருந்து மண்டபம் வரைக்கும் 21 தீவும் 1986ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா. பாறைப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது. கரையில ஒதுங்கின செத்த பவளக் கல்லும் பவளம்தான். யாராவது மூட்டையில கொண்டு வந்து குடுத்தாலும் வாங்காதீங்க. தொட்டிக்குன்னு செய்யற பீங்கான் பாறையில, மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை மாத்துற பாக்டீரியா நல்லாவே தங்கும். 50, 60 கிலோவை மணல் மேல அடுக்காம அடிக்கண்ணாடி மேல மெத்தை போட்டு நிறுத்தி, அப்புறம் மணல் பரப்புங்க. மணலைத் தோண்டுற மீன் பாறையைச் சாய்ச்சா கண்ணாடி போயிடும்.

பாறை போட்டு நாலுல இருந்து ஆறு வாரம் மீன் இல்லாம ஓட்டணும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆன பிறகுதான் முதல் மீன். குஞ்சு பொரிப்பகத்துல வளர்ந்த கோமாளி மீன் ஜோடியில ஆரம்பிங்க. மண்டபம் கேம்ப்ல இருக்கிற மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிலைய மையமே இந்த மாதிரி அலங்கார மீன் இனப்பெருக்கத்துல வேலை செய்யுது. கடல்ல பிடிச்சதை விட இது தொட்டிக்குப் பழகினது, தீனியும் உடனே எடுக்கும்.

கடைசியா, ஹால்ல கொசுவத்தி, லிக்விட், சாம்பிராணி போடுறவங்களுக்கு. ஸ்கிம்மர் காத்தை இழுத்துத்தான் வேலை செய்யுது, அந்தப் புகை நேரா தண்ணிக்குள்ள போகும். கொசு மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். ஸ்கிம்மரோட காத்துக் குழாயைச் சுவர்ல துளை போட்டு வீட்டுக்கு வெளிய விட்டுடுங்க. துளை தெருப் பக்கம் இல்லாம முற்றத்துப் பக்கம் இருக்கட்டும், கொசு மருந்து வண்டி புகை அடிச்சுக்கிட்டு வர்ற நேரத்துல குழாய் வாயைத் துணி வச்சு அடைச்சிடலாம்.