கல்லூரிக் கட்டணம்: எந்த வாசல் வழியாக, எந்தக் கணக்கில்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் முதல் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "ஃபீஸ் எவ்வளவாம்?" கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் ஒரு தொகை சொல்வார்கள். பெரும்பாலும் அது முதல் வருடத் தொகை. பெற்றோர் கேட்க வேண்டியது நாலு வருடத்துக்கும் சேர்த்து எவ்வளவு, அதில் எதெல்லாம் சேரவில்லை என்பதை. ஒரு நோட்டுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, மெஸ், கல்லூரிப் பேருந்து, சீருடை, லேப்டாப், "ட்ரெய்னிங் ஃபீஸ்" என்று தனியாக வாங்கும் பணம், திரும்பக் கிடைக்கும் முன்வைப்புத் தொகை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வருடத்துக்கு எவ்வளவு, எத்தனை வருடம் என்று எழுதிப் பெருக்குங்கள். பல வீடுகளில் கல்விக் கட்டணத்தை விடுதியும் சாப்பாடும் தாண்டிவிடும். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கும் கல்லூரிக்கும் வெளியூர்க் கல்லூரிக்கும் வித்தியாசம் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், மகளுக்குக் கல்லூரிப் பேருந்து அவசியமா என்பதையும் அந்தப் பக்கத்தில் யோசித்துக்கொள்ளலாம்.

கணக்கு போட்ட பிறகு, அடுத்தது வாசல், அதாவது எந்த வழியாகச் சேருகிறோம் என்பது. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் அரசு நடத்தும் கவுன்சலிங்கில் (கலந்தாய்வில்) வந்தவர், இன்னொருவர் கல்லூரியே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் (நிர்வாக ஒதுக்கீட்டில்) வந்தவர். தமிழ்நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த அளவைப் பாருங்கள். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் கவுன்சலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 87,000. நாலு வருடத்தில் வித்தியாசம் 1,28,000. இது காகிதத்தில் இருக்கும் வித்தியாசம். ரசீது இல்லாமல் கேட்கும் பணம் இதில் வராது. அப்படி வாங்குவதைத் தடைசெய்ய 1992இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

கட்டணத்தோடு இது முடிவதில்லை. அரசு தரும் சலுகைகளில் பெரியவை எல்லாம் கவுன்சலிங் வாசலில்தான் நிற்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. அந்த ஒதுக்கீட்டில் எடுத்த இடத்துக்குத்தான் இந்தச் சலுகை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு விருப்பப் பட்டியலை நிரப்ப வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கொரு கட்டணச் சலுகை. நிகர்நிலை (டீம்டு) பல்கலைக்கழகங்களுக்கு இந்தக் கவுன்சலிங் கிடையாது. கட்டண நிர்ணயக் குழுவின் கணக்கும் அங்கே செல்லாது. கட்டடத்தைப் பார்த்து முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

முதல் பட்டதாரிச் சலுகையில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒன்று, கட்டணம் முழுவதும் போய்விடும் என்று நம்புவது. கல்விக் கட்டணத்தில் அரசு நிர்ணயித்த பங்கு மட்டும் கழியும், மீதியைக் கட்டத்தான் வேண்டும். இன்னொன்று, அண்ணன் ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருக்கும்போது தங்கைக்கும் கேட்பது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அதனால் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், மூத்தவர் செலவு குறைந்த படிப்பில் சேரும்போது சலுகையை அங்கேயே செலவழித்துவிட வேண்டுமா என்று ஒருமுறை கணக்குப் பார்க்கலாம். மூத்தவர் பட்டம் வாங்கிவிட்டால் இளையவர் முதல் பட்டதாரி ஆக மாட்டார் என்பதும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

செலவைக் கீழே இறக்கும் வேறு வழிகளும் உண்டு. அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்தால் வருடச் செலவு தனியார் கல்லூரியின் ஒரு மாத மெஸ் பில்லோடு ஒப்பிடும் அளவில் இருக்கும். பத்தாம் வகுப்பு முடித்து அரசு பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ படித்தால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆக மொத்தம் ஆறு வருடம்தான். பிளஸ் டூ வழியாகப் போனாலும் ஆறு வருடம்தான். ஆனால் பொறியியல் கல்லூரிக்கு மூன்று வருடக் கட்டணம் கட்டினால் போதும், நடுவில் நின்றாலும் கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். நம் ஊரில் இந்த வழியை மட்டமாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

உதவித்தொகைகளில் மாதாமாதம் வருவது புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய். பெண்களுக்கு 2022 செப்டம்பரிலும் ஆண்களுக்கு 2024 ஆகஸ்டிலும் தொடங்கியது. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு உரியது. பெண் பிள்ளை பொறியியலோ டிப்ளமோவோ சேர்ந்தால் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. கேட்ட எல்லோருக்கும் கிடைக்காது, தேர்வு உண்டு. ஆனால் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் இதற்குப் பதிவு. கல்லூரியில் சேர்ந்த பிறகு, அந்தந்த ஆண்டின் கெடுவுக்குள் செய்ய வேண்டும். அடுத்த வருடம் புதுப்பிக்கவும் மறக்கக் கூடாது.

இவ்வளவும் கிடைக்கத் தகுதி இருந்தும் பணம் வராமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இனிஷியல். சிரிக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியலில் "கவிதா சு", ஆதாரில் "சு. கவிதா", வங்கிப் புத்தகத்தில் "கவிதா சுப்பிரமணி". நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் இருப்பதை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். மாணவரின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். ஆதாரை வங்கியில் கொடுத்தாகிவிட்டது என்பது போதாது. அரசுப் பணம் ஆதார் எண்ணை வைத்து எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்ற இணைப்பு தனி. கிளையில், "நேரடி மானியம் வாங்க இந்தக் கணக்கு ஆதாரோடு சேர்ந்திருக்கிறதா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். இரண்டு வங்கிக் கணக்கு வைத்திருப்பவருக்கு, அவர் மறந்தே போன பழைய கணக்கில் பணம் விழுந்துகிடப்பதும் உண்டு.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று படியேறி வரும். மே, ஜூனில் ஊரே அந்தப் படியில் நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் பதிந்துவிட்டால் அலைச்சல் பாதி. வருமானச் சான்றில் ஒரு எச்சரிக்கை. சலுகைக்காக 72,000 என்று எழுதி வாங்கிவிட்டு, வங்கிக்குப் போகும்போது நாலு லட்சம் வருமானம் காட்டும் வரிக் கணக்கையும் அதே ஃபைலில் வைத்தால், மேனேஜர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

இனி கல்விக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, நாலு லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், நம் பங்காக ஒரு தொகையும் போட வேண்டாம். ஏழரை லட்சம் வரைக்கும் அடமானமில்லாக் கடனுக்குத் துணையாக அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்து விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் கூட்டுக் கடன்தாரர். எடுத்துச் செல்ல வேண்டியவற்றில் முக்கியமானது கல்லூரி தரும் போனஃபைட் சான்று. வெறுமனே "இவர் எங்கள் மாணவர்" என்று இருந்தால் பயனில்லை. நாலு வருடத்துக்கும் ஆண்டுவாரியாக, விடுதி உட்பட, கட்டண விவரம் இருக்க வேண்டும். அதில் வராத செலவைப் பிறகு கடனில் சேர்ப்பது கடினம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் என்றால், பத்து லட்சம் வரையான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் மூன்று சதவீத வட்டி மானியம். நாலரை லட்சத்துக்குள் வருமானம் இருந்து தொழிற்படிப்பு படித்தால், அந்தக் காலத்து வட்டி முழுவதற்கும் மானியம் தரும் திட்டமும் உண்டு. இங்கேயும் வாசல் கேள்வி வருகிறது: மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்கு பிஎம் வித்யாலட்சுமி கிடையாது.

மானியம் கிடைக்காத குடும்பத்துக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம் கடன், வட்டி ஒன்பதரை சதவீதம் என்று வைப்போம். படிக்கும்போதும் முடித்து ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருடம், அடுத்ததற்கு நாலு, மூன்று, இரண்டு. மொத்தம் 1,33,000 ரூபாய் தனிவட்டி. நாலு லட்சம் வாங்கியவர் தவணை தொடங்கும் நாளில் 5,33,000 பாக்கி வைத்திருப்பார். பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 6,900.

அதே குடும்பம் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால்? முதல் வருடம் மாதம் சுமார் 800 ரூபாய், இரண்டாம் வருடம் 1,600, மூன்றில் 2,400, பிறகு 3,200. தவணை தொடங்கும்போது பாக்கி நாலு லட்சமே. மாதத் தவணை 5,200க்குள். மாதம் 1,700 வீதம் பத்து வருடத்தில் மிச்சம் இரண்டு லட்சத்துக்கு மேல், அதற்காக முன்னால் கட்டியது 1,33,000. பல வங்கிகள் இப்படி வட்டி கட்டுபவருக்கு ஒரு சதவீதம் வரை வட்டியைக் குறைப்பதும் உண்டு. கையெழுத்து போடும்போதே கேட்டு, அனுமதிக் கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். புதுமைப்பெண் பணம் ஆயிரம் ரூபாய் வரும் வீட்டில், முதல் வருட வட்டிக்கு அதுவே போதும்.

கடனில் எங்கே சிக்கும்? பெற்றோரின் பழைய பைக் கடனோ, யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்தோ கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பாக்கியாகத் தெரிந்தால் விண்ணப்பம் நிற்கும். ஜனவரியிலேயே அறிக்கையை எடுத்துப் பார்த்து அடைத்துவிடுவது நல்லது. வங்கி பணத்தை மொத்தமாகத் தராது, தவணை தவணையாகக் கல்லூரிக்கே அனுப்பும். ஒவ்வொரு முறையும் கட்டணக் கேட்பு, முந்தைய மதிப்பெண் பட்டியல் இரண்டையும் கொடுக்க வேண்டும். அரியர் நிறைய இருந்தால் கிளை தயங்கும். வட்டி மானியத்துக்கான வருமானச் சான்றை முதல் வருடமே கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிளை பதிவேற்றாமல் விட்டால், மானியம் வரவில்லை என்பது ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை கடன் கணக்கின் விவர அறிக்கையை வாங்கி, மானிய வரவு விழுந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். நியாயமில்லாமல் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்.

வங்கிப் பணம் வருவதற்குள் முதல் கட்டணத்துக்குக் கெடு வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் பலர் நூற்றுக்கு ரெண்டு வட்டிக்கு ஓடுகிறார்கள். மாதம் ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம், லட்சத்துக்கு 24,000. வங்கி நகைக்கடன் இதைவிட மிகக் குறைவு, அன்றே கைக்கு வரும். ஆனால் அதைச் சில மாதப் பாலமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய ரசீதைக் காட்டி, கடன் அனுமதியானதும் அந்தத் தொகையைத் தருமாறு வங்கியிடம் முன்கூட்டியே பேசிவைத்தால் நகையை மீட்டுவிடலாம். சீட்டு போடுபவர்கள் பதிவு பெற்ற சீட்டாகப் பார்த்து, எடுக்கும் மாதம் ஜூனில் விழும்படி இப்போதே திட்டமிட வேண்டும். அவசரத்தில் தள்ளி எடுக்கும் சீட்டில் போகும் கழிவும் வட்டிதான்.

சேர்ந்த பிறகு வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டால் கட்டிய பணம் போய்விடுமோ என்று பயந்து பலர் அங்கேயே இருந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி சேர்க்கையை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு அதிகம். நாலு வருடக் கட்டணத்தையும் மொத்தமாக முன்னாலேயே கேட்பதோ, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதோ கூடாது. வாயால் சொல்லாமல், தேதி போட்டு எழுத்தில் கொடுத்து அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்து ஓராண்டாகியும் வேலை கிடைக்கவில்லை என்றால், முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போங்கள். வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும், முதலில் குறைவாகக் கட்டிப் பிறகு கூட்டிக் கட்டவும் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. மூன்று தவணை தவறி, வாராக்கடன் என்று எழுதிய பிறகு அதே மேனேஜரால் அதைச் செய்வது கடினம். வேலைக்குப் போய் வரி கட்டுபவர் பழைய வரி முறையில் இருந்தால், கட்டும் வட்டிக்கு எட்டு வருடம் வரை வரிவிலக்கு உண்டு. வங்கியிடம் வருடா வருடம் வட்டிச் சான்று வாங்கி வையுங்கள். கடைசித் தவணை கட்டியதும் நிலுவையில்லாச் சான்று வாங்கி, இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.