வாலாஜா ரோடு: தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்ற இடம்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரியும் மஞ்சள் பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருக்கும் பெயர், வாலாஜா ரோடு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டது என்பது பலருக்கும் தெரியும். அது எங்கே போய் நின்றது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடி அந்த ரயில் வந்து நின்ற ஊர் இதுதான்.

மதராஸ் ரயில்வே கம்பெனி 1853இல் வேலையைத் தொடங்கி, திருவள்ளூர், அரக்கோணம், சோளிங்கர் வழியாக மூன்றே ஆண்டுகளில் தண்டவாளத்தை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. நவாபுகளின் தலைநகரான ஆர்க்காடு பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது; பாதையோ ஆற்றைக் கடக்காமல் வடக்கே அமைந்ததால், நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபேட்டைக்கு அந்த வாய்ப்பு வந்தது. அந்த ஊரும் இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. பாதை ஊரைத் தொடாமல் போகும்போது, ஊருக்குச் செல்லும் சாலையின் பெயரால் நிலையத்தை அழைப்பது அன்றைய வழக்கம். கொடைக்கானல் ரோடு என்ற பெயரும் அப்படி வந்ததுதான். மாட்டு வண்டியில் சென்னைக்குப் போய்ச்சேரப் பல நாட்கள் பிடித்த காலத்தில், அந்தச் சாலையில் நடந்து வந்து இங்கே ரயில் ஏறியவர்களுக்குப் பட்டணம் ஒரு பகல் பயணத்துக்குள் வந்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கடைசி நிலையம் என்ற நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. பாதை மேற்கே நீண்டு 1862இல் அரபிக் கடலோரத்துப் பேப்பூரைத் தொட்டது. கம்பெனி 1908இல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயில் இணைந்தது. 1951இல் தெற்கு ரயில்வே பிறந்தது.

நடைமேடை ஓரத்திலிருந்து கேமராவைக் கீழே திருப்புகிறேன், பாருங்கள். இரும்பு மாறிவிட்டது, தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளாகக் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் வந்துவிட்டன, மேலே மின்கம்பி ஓடுகிறது. ஆனால் இந்த இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி 5 அடி 6 அங்குலம். தெற்கே பல பாதைகள் ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் கேஜாகப் போடப்பட்டு, பிற்காலத்தில் பெயர்த்து அகலப்படுத்தப்பட்டன. இங்கேயோ, முதல் ரயில் வந்த அன்று இருந்த அதே அகலத்தில்தான் இப்போது அரக்கோணம் பக்கமிருந்து வரும் பாசஞ்சரும் ஓடிவருகிறது.