மூன்று நாள் இரவலும் ஒரு ஈட்டியும்

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி அந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிட்டுப் போன எதிரணி நண்பருக்கும் வணக்கம்.

ஆறாம் நூற்றாண்டில் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தின் வரலாற்றை லத்தீனில் எழுதிய யோர்டானெஸ் வரலாற்றாசிரியரா, சுருக்கம் எழுதியவரா? இதுதான் தலைப்பு. வரலாற்றாசிரியரே என்று வாதாட வந்திருக்கிறேன்.

நண்பர் என்ன சொன்னார்? இத்தாலியில் கோத்திய அரசர்களிடம் அமைச்சராக இருந்த காசியோடோரஸ் 12 நூல்களில் எழுதிய கோத்தியர் வரலாற்றை மூன்று நாள் இரவல் வாங்கிப் படித்துவிட்டு, கி.பி. 551 வாக்கில் ஒரே புத்தகமாகச் சுருக்கிவிட்டார், அதுதான் ‘கெட்டிகா’ என்றார். நல்ல கைதட்டல் வாங்கினார். சரி, இந்த மூன்று நாள் கதையை நமக்குச் சொன்ன சாட்சி யார்? யோர்டானெஸேதான்! அவர் சொல்வதைக் கேளுங்கள்: காஸ்டாலியஸ் என்ற நண்பர் கேட்டதால் எழுதுகிறேன். காசியோடோரஸின் காரியக்காரர் தயவில் மூன்று நாள் புத்தகம் கிடைத்தது, மறுபடி படித்தேன். சொற்கள் மனதில் நிற்கவில்லை, செய்திகள் நிற்கின்றன. கிரேக்க, லத்தீன் நூல்களிலிருந்தும் சேர்த்திருக்கிறேன். தொடக்கமும் முடிவும் நடுவில் பலவும் என் நடை என்று முன்னுரையிலேயே எழுதி வைத்திருக்கிறார். திருடப் போகிறவன் தன் விலாசத்தை எழுதி வாசலில் ஒட்டிவிட்டா போவான்?

எதிரணி சொல்ல மறந்த ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அந்த முன்னுரையின் முதல் வரிகள், கரையோரம் சிறு படகில் மீன் பிடிக்க நினைத்தவனை ஆழ்கடலுக்கு அனுப்புகிறாயே என்ற அழகான பேச்சு, ரூஃபினஸ் என்ற முந்தைய எழுத்தாளரிடமிருந்து எடுத்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்னுரையின் உபசார வார்த்தைகளை வைத்தா ஒருவரின் வரலாற்றை எடை போடுவது? உள்ளே வாருங்கள்.

451. இன்றைய பிரான்சில் கட்டலௌனியச் சமவெளிப் போர். ஒருபக்கம் ஹூணர்களின் அரசர் அட்டிலா, மறுபக்கம் ரோமானியரும் மேற்குக் கோத்தியரும். மேற்குக் கோத்திய அரசர் தியோடோரிக் களத்தில் சாகிறார். எப்படிச் செத்தார்? யோர்டானெஸ் இரண்டு விதமாகச் சொல்கிறார். குதிரையிலிருந்து விழுந்து சொந்தப் படையின் காலில் மிதிபட்டார் என்பது ஒன்று. அட்டிலா பக்கம் நின்ற கிழக்குக் கோத்தியன் அண்டாக் எறிந்த ஈட்டியால் மாண்டார் என்று வேறு சிலர் சொல்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் அருகருகே வைக்கிறார் பாருங்கள், இது சுருக்கம் எழுதுகிறவர் வேலையா?

யார் இந்த அண்டாக்? யோர்டானெஸ், குந்திகிஸ் பாஸா என்ற தளபதியிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். அந்தக் குந்திகிஸின் தகப்பனார் பெயர் அண்டாக். இருவரும் ஒரே ஆள்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அந்த ஈட்டிக் கதை அலுவலகத்திலேயே காதில் விழுந்திருக்க வேண்டும்! இவருடைய தாத்தா பரியாவும் காண்டாக் என்ற ஆலன் இனத் தலைவரிடம் எழுத்தர். எழுதுகோல் பரம்பரையாக வந்தது. இரவலாக வந்தது அல்ல.

அட்டிலாவின் சாவுக்கு வருவோம். திருமண இரவில் மூக்கில் ரத்தம் பெருகித் தொண்டையை அடைத்துச் செத்தது, உடலைப் பட்டுக் கூடாரத்தில் வைத்துக் குதிரைவீரர்கள் சுற்றிவந்து பாடியது, புதைத்தவர்களையே கொன்றது எல்லாம் இவரிடம் இருக்கிறது. இதில் பிரிஸ்கஸ் சொன்னார் என்று பெயரைக் குறிப்பிட்டே எழுதுகிறார். பிரிஸ்கஸ் அட்டிலாவின் அவைக்கே போய்வந்த தூதுக்குழுவில் இருந்தவர். அவர் நூல் இன்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. அதுவும் காசியோடோரஸ் வழியாக வந்ததுதான் என்பார்கள் எதிரணியினர். இருக்கட்டும், கடைசியில் வருகிறேன்.

பிழைகள் உண்டு. கெட்டே என்ற பழைய திரேசிய இனத்தையும் கோத்தியரையும் ஒன்றாகக் குழப்பினார், கிரேக்கப் புராணத்துப் போர்வீராங்கனைகளான அமேசான் பெண்களைக் கோத்தியப் பெண்கள் ஆக்கினார். முதல் குழப்பம் இவருக்கு நூறு ஆண்டுக்கு முன்பே ஓரோசியஸிடம் இருக்கிறது. அதற்காக ஓரோசியஸை யாரும் வரலாற்றாசிரியர் பட்டியலிலிருந்து நீக்கவில்லையே.

அன்றைய ரோமப் பேரரசர் ஜஸ்டினியனுக்கு ஜால்ரா போட்டார் என்றும் சொன்னீர்கள். புத்தகம் கோத்தியர் மீது பேரரசர் பெற்ற வெற்றியைப் புகழ்ந்துதான் முடிகிறது. ஆனால் அங்கே ஒரு குழந்தையைக் கவனியுங்கள். பேரரசரின் உறவினர் ஜெர்மானஸுக்கும் கோத்திய அரச குலத்து மதசுந்தாவுக்கும், தகப்பன் இறந்த பிறகு பிறந்த பிள்ளை. இரண்டு குலமும் அந்தப் பிள்ளையில் சேர்ந்து நம்பிக்கை தருகின்றன என்கிறார். இத்தாலியில் சண்டை ஓயாத நேரத்தில், கோத்திய வம்சத்தில் வந்த ஒருவர் எழுதிய வரி அது. வெறும் ஜால்ராவாக எனக்குப் படவில்லை.

சொன்னபடி கடைசிக்கு வந்துவிட்டேன். எல்லாமே காசியோடோரஸ் எழுதியது என்கிறீர்களே, அந்த 12 நூல்கள் எங்கே? ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்று நாள் வாசகர் எழுதியதுதான் நிலைத்தது. 1882-இல் ஜெர்மன் அறிஞர் மொம்சென் அதைப் பதிப்பித்தார். எதிரணியில் அடுத்து வருபவர் அண்டாக்கின் ஈட்டியை அந்த 12 நூல்களிலிருந்து ஒரு வரியாவது எடுத்துக் காட்டட்டும். காட்டினால் நான் எதிரணிப் பக்கமே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். நடுவர் மணியடித்துவிட்டார், நன்றி, வணக்கம்.