98 வாக்குகளில் ஓர் உறுப்பினர்: மேற்கு ஆஸ்திரேலிய மேலவை, 2021–2025

வணக்கம், நேயர்களே. ஆஸ்திரேலியாவின் ஆறு மாநிலங்களில் குயின்ஸ்லாந்து மட்டுமே தன் சட்ட மேலவையை 1922இல் ஒழித்துவிட்டது. மற்ற ஐந்திலும் மேலவை இன்றும் இயங்குகிறது. அவற்றுள் மேற்கு ஆஸ்திரேலிய மேலவையின் ஒரே ஒரு பதவிக்காலத்தை, 2021 மே 22இல் தொடங்கி 2025 மே 21இல் முடிந்த நான்கு ஆண்டுகளை, இன்று பார்க்கப்போகிறோம்.

திரையில் உள்ள பட்டியலைக் கவனியுங்கள். மொத்தம் 36 இடங்கள். தொழிற்கட்சிக்கு 22, லிபரல் கட்சிக்கு 7, நேஷனல் கட்சிக்கு 3, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரும் கட்சிக்கு 2, பசுமைக் கட்சிக்கு 1. மிச்சமுள்ள ஓரிடத்தைப் பிடித்தவர், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்த வேண்டும் என்று கோரும் கட்சியின் வில்சன் டக்கர். சுரங்கமும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளை உள்ளடக்கிய மண்டலத்தில் அவர் பெற்ற முதல் விருப்ப வாக்குகள், அதாவது வாக்காளர்கள் 1 என்று குறித்த வாக்குகள், வெறும் 98. அந்தக் கோரிக்கையையோ மாநில மக்கள் 1975, 1984, 1992, 2009 என நான்கு பொதுவாக்கெடுப்புகளிலும் நிராகரித்திருந்தார்கள்.

இது எப்படி நடந்தது? அன்றைய விதிப்படி, வாக்குச்சீட்டில் குறுக்கே உள்ள கோட்டுக்கு மேலே ஒரு கட்சியின் கட்டத்தில் 1 என்று எழுதிவிட்டால் போதும். அந்த வாக்கு அடுத்து யாருக்குச் செல்ல வேண்டும் என்பதை அக்கட்சி முன்கூட்டியே பதிவு செய்த வரிசை தீர்மானிக்கும். சிறு கட்சிகள் தமக்குள் பேசி வைத்து அந்த வரிசையில் ஒன்றையொன்று மேலே ஏற்றிக்கொள்ள, அவற்றின் வாக்குகளெல்லாம் படிப்படியாகத் திரண்டு கடைசியில் டக்கரிடம் வந்து சேர்ந்தன. விதிமீறல் எதுவும் இல்லை. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

இதைவிடப் பெரிய கோணல் ஒன்று உண்டு. மாநிலத்தில் அப்போதிருந்த ஆறு மண்டலங்களுக்கும் தலா 6 உறுப்பினர்கள். டக்கரின் மண்டலத்தில் வாக்காளர்கள் 70 ஆயிரத்துக்கும் குறைவு. மாநிலத் தலைநகர் பெர்த்தின் மூன்று மண்டலங்கள் ஒவ்வொன்றிலும் 4 லட்சத்துக்கும் மேல். நகரவாசிகள் ஆறு பேரின் வாக்கு, அங்கே ஒருவரின் வாக்குக்குக்கூட ஈடாகவில்லை.

2021 தேர்தலுக்கு முன், தொழிற்கட்சியைச் சேர்ந்த அன்றைய முதல்வர் மார்க் மெகாவன், மேலவைச் சீர்திருத்தம் தம் திட்டத்தில் இல்லை என்றே சொல்லிவந்தார். வரலாற்றில் முதன்முறையாகத் தொழிற்கட்சிக்கு மேலவையில் தனிப்பெரும்பான்மை கிடைத்ததும், முன்னாள் ஆளுநர் மால்கம் மெக்கஸ்கர் தலைமையில் வல்லுநர் குழு அமைந்தது. 2021 நவம்பரில் சட்டமும் நிறைவேறியது. மண்டலங்கள் ஒழிந்தன, மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, 37 இடங்கள், கட்சிகள் பதிவு செய்யும் வரிசைக்கும் முடிவு வந்தது. சீர்திருத்தம் நியாயமானதே என்பது என் கருத்து. ஆனால் அதைச் சொல்லி வாக்குக் கேட்டிருக்க வேண்டும். ஊரகப் பிரதிநிதித்துவம் கரைந்துவிடும் என்ற நேஷனல் கட்சியின் கோபத்தை வெறும் சுயநலம் என்று தள்ளிவிடவும் முடியாது.

இடையில் இன்னொரு வேடிக்கை. இங்கே ஓர் உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் கிடையாது. பழைய வாக்குச்சீட்டுகளையே மறுபடி எண்ணுவார்கள். 2023 தொடக்கத்தில் தொழிற்கட்சியின் அலனா மக்டியர்னன் விலகியபோது, அப்படி எண்ணியதில் அவர் கட்சிப் பட்டியலிலிருந்த பென் டாகின்ஸ் தேர்வானார். தொழிற்கட்சியோ அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளவில்லை. சுயேச்சையாக அமர்ந்த அவர் பின்னர் வலதுசாரி ஒன் நேஷன் கட்சிக்குப் போய்விட்டார். தொழிற்கட்சிக்காக விழுந்த வாக்குகளில் ஒன் நேஷனுக்கு ஓர் உறுப்பினர்!

புதிய விதிப்படி 2025 மார்ச்சில் நடந்த தேர்தலில், அந்த விதியை இயற்றிய தொழிற்கட்சிக்கே 37இல் 16 இடங்கள்தான் கிடைத்தன. கீழவையில் பெரும் வெற்றி பெற்றும், மேலவையில் லிபரல், நேஷனல் கட்சிகள் ஒருசேர எதிர்க்கும் மசோதாவை நிறைவேற்ற அது இப்போது 4 இடங்களுள்ள பசுமைக் கட்சியிடமோ பிற சிறு கட்சிகளிடமோ பேசியாக வேண்டும்.