பால் காபிக்கு எது வசதி: பில்டரா, மோக்காவா, பிரெஞ்ச் பிரஸ்ஸா?

அடுத்த கேள்வி கிருஷ்ணகிரியில இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "வீட்ல ரெண்டு பேர். காலையில ஆறு மணிக்கு ஓசூர் கம்பெனி பஸ் பிடிக்கணும். பில்டர்ல டிகாஷன் இறங்குறதுக்குள்ள பஸ் போயிடும். கண்ணாடி ஜாடியில ஊற வெச்சு அழுத்துற பிரெஞ்ச் பிரஸ், அடுப்புல வெச்சு ஆவியால ஏத்துற மோக்கா, பேப்பர் வெச்சு ஊத்துற வி60, இதுல எது வாங்கலாம்? பால் காபிதான் குடிப்போம்."

பால் காபின்னு கடைசியா சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. வி60ல 15 கிராம் தூளுக்கு 250 மில்லி தண்ணி. பால் இல்லாம குடிச்சா அருமையா இருக்கும். பால் ஊத்தினா காபி இருக்கிற இடமே தெரியாது. கழுவுறது மட்டும் சுலபம், பேப்பரோட தூக்கிப் போட்டுடலாம். பிரெஞ்ச் பிரஸ்லயும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனா ஈரத்தூள் கண்ணாடி அடியில ஒட்டிக்கும், சிங்க்ல கொட்டினா குழாய் அடைச்சுக்கும். வலைத் தட்டைத் தினம் கழட்டித் தேய்க்கலைன்னா எண்ணெய் படிஞ்சு சிக்கு வாடை வரும். பஸ் பிடிக்கிறவங்களுக்கு இது ஆகாது.

மோக்கா பாலுக்குத் தாங்கும். கீழ்ப் பாத்திரத்துல வால்வுக்குக் கீழ வரைக்கும் சுடுதண்ணி ஊத்துங்க. கூடையில தூளை நிரப்பி மட்டம் பண்ணுங்க, அழுத்தாதீங்க. தீ சின்னதா இருக்கணும். புஸ் புஸ்ஸுன்னு சத்தம் வந்ததும் இறக்கிடுங்க, விட்டா கசந்துடும். ஒண்ணு, கடையில வாங்குற 80:20 தூள், அதாவது 80 பங்கு காபியில 20 பங்கு சிக்கரி கலந்தது, இதுக்கு வேண்டாம். சிக்கரி ஊறிப் பிசுபிசுத்து வழியை அடைச்சா, ஆவி வால்வு வழியா சீறும். சிக்கரி இல்லாத தூளை, தூள் உப்பு பதத்துல அரைச்சு வாங்குங்க.

இருந்தாலும் என் ஓட்டு பில்டருக்குத்தான். பில்டர்ல ஆகுற நேரம் பூரா தானா சொட்டுற நேரம். நீங்க நிக்கிறது ரெண்டு நிமிஷம்தான். அதை ராத்திரியே முடிச்சுடுங்க. 25 கிராம் தூள், மேல காம்புத் தட்டை வெச்சு லேசா ஒரு அழுத்து. கொதிச்சு அடங்கின தண்ணி 150 மில்லி. முதல்ல கொஞ்சம் ஊத்தி, தூள் நனைஞ்சு அரை நிமிஷம் கழிச்சு மிச்சத்தை ஊத்துங்க. வாசனை சுடச்சுட இறக்கினதைவிட ஒரு படி குறையும்தான். காலையில பாலை நல்லா காய்ச்சி ஊத்துங்க, டிகாஷனை அடுப்புல ஏத்தாதீங்க.

இறங்கவே மாட்டேங்குதுன்னா மேல் பாத்திரத்தை லேசா தூக்கி வைங்க. காத்து அடைச்சிருந்தா உடனே சொட்டும். இல்லைன்னா காலி பண்ணி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, பாதி ஓட்டை தெரியாது. நம்ம பக்கத்து போர் தண்ணியில அப்படித்தான், சுண்ணாம்பு படியும். எலுமிச்சம்பழச் சாறு கலந்த வெந்நீர்ல அரை மணி நேரம் ஊற வெச்சு ஊசியால குத்துங்க. சிலர் தீயில காட்டிச் சுட்டெடுப்பாங்க. ஸ்டீலுக்குப் பரவாயில்லை, ஈயம் பூசின பித்தளைன்னா பூச்சு உருகிடும்.

காபிக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணி வந்தா அதையே எடுங்க. போர் தண்ணி காபியோட புளிப்பை அமுக்கிச் சப்புன்னு ஆக்கிடும். அதோட, அதுல ஃப்ளோரைடு இருந்தா எவ்வளவு கொதிக்க வெச்சாலும் போகாது.